ஒரு டெர்ம் தாய்லாந்து டீச்சர்: 1,26,000 ரூபாய் பேக்கேஜுக்கு 5க்கு 3

தாய்லாந்தில் ஒரு டெர்ம் ஆங்கில டீச்சராக இருக்க, பயிற்சியும் வேலையும் சேர்ந்த பேக்கேஜ் ஒன்றை ஒரு கம்பெனியிடம் வாங்கிப் போய் வந்தேன். முதலில் மார்க்கைப் போட்டுவிடுகிறேன், கதை அப்புறம். பயிற்சிக்கு 5க்கு நாலரை. வேலை பிடித்துக் கொடுத்ததற்கு 2. விசா, பெர்மிட் என்று பேப்பர் வேலைக்கு 1, அதுவும் அந்த ஆபீஸில் இருந்த ஒரு அக்காவின் முகத்துக்காக. கூட்டி வகுத்தால் இரண்டரைதான் வரும், பிள்ளைகளுக்காக அரை கூட்டி 3 என்று வைத்திருக்கிறேன். கம்பெனி பெயரைப் போடவில்லை. என் பணம் கொஞ்சம் இன்னும் அவர்கள் கையில் இருக்கிறது.

நான் யார் என்று தெரிந்தால்தான் இந்த மார்க்குக்கு அர்த்தம் இருக்கும். ஊர் திருச்சி. பி.ஏ. ஆங்கில இலக்கியம். சென்னை பெருங்குடியில் நாலு வருஷம் கால் சென்டர் வாய்ஸ் பிராசஸில் ராத்திரி ஷிப்ட். பாடம் நடத்திய அனுபவம் என்று பார்த்தால் எதிர்வீட்டுப் பையனுக்கு ஒன்பதாம் வகுப்பு கிராமர் சொல்லிக் கொடுத்தது மட்டும்தான், அவன் 41 மார்க் வாங்கினான். வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் வெளிநாட்டில் இருக்க வேண்டும், இருக்கும்போது சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் அங்கேயே சம்பாதித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் ஆசை. வீட்டில் சொன்னதும் அம்மா கேட்டது: "ஏண்டி, இங்கிலீஷ் சொல்லித்தர அவனுக்கு இங்கிலீஷ்காரன் கிடைக்கலையா, உன்னை எதுக்குக் கூப்பிடறான்?" அப்போது சிரித்தேன். மூன்று மாதம் கழித்து சம்பள ஸ்லிப்பைப் பார்த்தபோது அம்மா சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார் என்று புரிந்தது.

தேட ஆரம்பித்த உடனே பாதி உலகம் கழிந்துவிடும். கொரியாவில் ஆங்கில டீச்சருக்கான ஈ-2 விசா அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற ஏழு பாஸ்போர்ட்டுகளுக்குத்தான் பொதுவாகக் கிடைக்கும். சீனாவில் 2021 ஜூலையில் அரசு டியூஷன் தொழிலின் கழுத்தைப் பிடித்த பிறகு அந்தப் பெரிய சந்தை சுருங்கிவிட்டது, மிச்சம் இருப்பதிலும் நமக்கு இடம் குறைவு. வியட்நாமில் டிகிரியும் டீச்சிங் சர்டிபிகேட்டும் இருந்தால் வழி இருக்கிறது, ஆனால் அங்கே போய் ஒர்க் பெர்மிட் வாங்கி நாலு மாதத்தில் திரும்புவது என்பது கல்யாண மண்டபம் பிடித்து நிச்சயதார்த்தம் மட்டும் நடத்துவது மாதிரி. கடைசியில் தாய்லாந்து. அங்கே நேட்டிவ் ஸ்பீக்கர் இல்லாதவர்களையும், அதாவது ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களையும் எடுக்கிறார்கள், டிகிரி வேண்டும், கூடவே டோயிக் என்ற ஆங்கிலப் பரீட்சையில் 600 மார்க் கேட்கிறார்கள் (990க்கு). பிலிப்பைன்ஸ் டீச்சர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

இடையில் சென்னையில் ஒரு கன்சல்டன்சிக்கும் போய் வந்தேன். ஏ.சி. ரூம், சுவரில் பாங்காக் போஸ்டர், டேபிளில் ஒரு சின்னப் பிள்ளையார். "மேடம், சீட் கன்ஃபர்ம், 2 லட்சம்தான், பாஸ்போர்ட்டை மட்டும் இன்னைக்கே கொடுத்துட்டுப் போங்க." எந்த ஸ்கூல் என்று கேட்டால் "அங்க போனதும் அலாட் பண்ணுவாங்க". என்ன விசா என்று கேட்டால் "டூரிஸ்ட்ல போய் மாத்திக்கலாம்". நான் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். தாய்லாந்தில் வேலை என்று கூட்டிப்போய் மே சோட் வழியாக எல்லை தாண்டி மியான்மரில் மியாவடிப் பக்கம் மோசடி கும்பல்களிடம் விட்ட கதை கதையல்ல, 2022லேயே நம் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விட்டது, 2025 மார்ச்சில் விமானப்படை விமானம் அனுப்பி 500க்கும் மேற்பட்டவர்களைக் கூட்டி வந்தார்கள். ஸ்கூல் பெயரும் விசா வகையும் எழுத்தில் சொல்ல முடியாதவனிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள், அவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் சரி.

நான் எடுத்த பேக்கேஜ் தாய்லாந்திலேயே இருக்கும் ஒரு பயிற்சி நிறுவனத்துடையது. 1,500 டாலர், அன்றைய கணக்கில் 1,26,000 ரூபாய். நாலு வாரம் 120 மணிநேர டெஃபல் கோர்ஸ் (ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு ஆங்கிலம் நடத்தும் பயிற்சி), அந்த நாலு வாரத்துக்கு இரண்டு பேர் சேர்ந்து தங்கும் ரூம், முடிந்ததும் ஒரு டெர்முக்கு ஸ்கூலில் வேலை, விசாவுக்கான கடிதங்கள். "வேலை உத்தரவாதம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். உத்தரவாதம் என்ற சொல்லுக்குக் கீழே எவ்வளவு சம்பளம் என்று போடவில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

பயிற்சியைப் பற்றி முதலில் நல்லதாக நாலு வார்த்தை, ஏனென்றால் அதற்கு அவர்கள் தகுதியானவர்கள். 2024 செப்டம்பர் 9, திங்கள்கிழமை, ஹுவா ஹின்னில் ஒரு கடைத்தெரு மாடியில் 14 பேர் உட்கார்ந்திருந்தோம். பாதிப்பேர் தென்னாப்பிரிக்கா, பிரிட்டன், மிச்சம் அமெரிக்கா, பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு பெண், அப்புறம் நான். பயிற்சியாளர் அறுபது தாண்டிய இங்கிலாந்துக்காரர், எப்போதும் கழுத்தில் ஸ்டாப்வாட்ச். முதல் வாரம் அது எதற்கு என்று தெரியவில்லை.

இரண்டாம் வாரம் தெரிந்தது. பக்கத்து அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு, 46 பிள்ளைகள், 45 நிமிடம். உள்ளே நுழைந்ததும் லீடர் பையன் "ப்ளீஸ் ஸ்டேண்ட் அப்" என்றான், 46 பேரும் எழுந்து "குட் மோர்னிங் டீச்ச்சேர்" என்று ராகம் போட்டார்கள். நான் ஹவ் ஆர் யூ என்றதும் "ஐ அம் ஃபைன் தேங்க் யூ அண்ட் யூ" என்று ஒரே மூச்சில் பாடி முடித்து உட்கார்ந்தார்கள். நம் ஊர் எலிமெண்டரி ஸ்கூலின் அதே ராகம், சத்தியமாக அதே ராகம். நான் குஷியாகி சமையலறைப் பொருள்களைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். நன்றாகத்தான் போனது என்று நினைத்தேன். வெளியே வந்ததும் அவர் ஒரு தாளை நீட்டினார். மொத்தம் 45 நிமிடத்தில் நான் பேசியது 31 நிமிடம். "டு யூ அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்டது 14 தடவை. பிள்ளைகள் "யெஸ்" என்றது 14 தடவை. அதற்குக் கீழே ஒரே வரி: அவர்களில் எத்தனை பேர் இன்று வாயைத் திறந்தார்கள்?

கஸ்டமர் கேரில் நாலு வருஷம் பேசியே சம்பளம் வாங்கியவளுக்கு இது சரியான அடி. அடுத்த பாடத்துக்கு மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போனேன். புரிந்ததா என்று கேட்காமல், "சூப்பைக் கத்தியால் குடிப்போமா ஸ்பூனால் குடிப்போமா" என்று கேட்க வேண்டும், பதிலிலேயே புரிந்ததா இல்லையா தெரிந்துவிடும். ஒரு துணிப் பொம்மையைத் தூக்கிப் போட்டுப் பிடித்தவர் பேச வேண்டும் என்று வைத்தேன். சுவரில் ஒட்டிய தாளை ஓடிப்போய்ப் படித்து வந்து பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லி எழுத வைக்கும் விளையாட்டு ஒன்று உண்டு, அதை வைத்த அன்று ஒரு பெஞ்ச் உடைந்தது, எனக்கு அன்றைக்குத்தான் முதல் நல்ல மார்க். ஆறு பாடம் இப்படி எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பிளான், பின்னால் திட்டு. இந்த ஆறு பாடத்துக்காக மட்டும் 1,26,000இல் பாதியைத் தாராளமாகக் கொடுக்கலாம் என்பது என் கணக்கு. ஆன்லைனில் ஆயிரம் ரூபாய் கூப்பனில் கிடைக்கும் 120 மணிநேர சர்டிபிகேட்டில் இது கிடையாது. வீடியோ பார்த்து நீச்சல் கற்றவன் கதைதான்.

காசு இருந்து, இதைத் தொழிலாகவே செய்யப் போகிறீர்கள் என்றால் கேம்பிரிட்ஜின் செல்டா கோர்ஸைப் பாருங்கள், அதுவும் முழுநேரமாக நாலு வாரம்தான், ஆனால் ஆறு மணிநேரம் நிஜ மாணவர்களுக்குப் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும், உலகம் முழுக்க மதிப்பு. ஒரு டெர்முக்கு மட்டும் போகிறவர்களுக்கு அது அதிகம்.

நாலரையில் குறைந்த அந்த அரை மார்க் ரூமுக்கு. ஃபேன் ஓடினால் கட்டில் ஆடும்.

இனி குறைகள். கோர்ஸ் அக்டோபர் 4இல் முடிந்தது. ஸ்கூல் எப்போது என்றால் நவம்பர் 1. தாய்லாந்தில் முதல் டெர்ம் மே நடுவில் தொடங்கி அக்டோபர் தொடக்கத்தில் முடியும், இரண்டாவது டெர்ம் நவம்பரில் தொடங்கி மார்ச்சில் முடியும், அக்டோபரில் மிச்ச நாளெல்லாம் லீவு. இது அந்த ஊரில் சைக்கிள் ரிக்‌ஷாக்காரருக்கும் தெரியும், எனக்கு யாரும் சொல்லவில்லை. நாலு வாரம் சம்பளம் இல்லாமல், ரூமும் காலி செய்ய வேண்டிய நிலையில் நின்றேன். ஆபீஸில் கேட்டால் "என்ஜாய் தாய்லாந்து" என்றார்கள். ஒரே நல்ல விஷயம், அப்போது அவர்களுடைய சைவத் திருவிழா, தெருவெங்கும் மஞ்சள் கொடி, அதில் சிவப்பில் ஒரு எழுத்து. அந்தக் கொடி இருக்கும் கடையில் மீன் சாஸ்கூடக் கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். சைவத்துக்கு அவர்கள் சொல்லும் சொல் "மங்சவிரத்". மாமிச விரதம் என்பதைக் கொஞ்சம் சளி பிடித்த மாதிரி சொல்லிப் பாருங்கள், வந்துவிடும்.

வேலை கிடைத்த இடம் உடோன் தானி, வடகிழக்கில், லாவோஸ் எல்லையிலிருந்து ஒரு மணிநேரம். பெரிய அரசுப் பள்ளி. வேலை கிடைத்தது, ஆனால் பள்ளி எனக்குச் சம்பளம் கொடுக்கவில்லை, ஏஜென்சிக்கு, அதாவது பேக்கேஜ் விற்ற அதே கம்பெனிக்குக் கொடுத்தது, ஏஜென்சி எனக்குக் கொடுத்தது, நடுவில் எவ்வளவு நின்றது என்பதை ஏஜென்சி கடைசிவரை சொல்லவில்லை. எனக்கு மாதம் 22,000 பாட், அதாவது 55,000 ரூபாய். என்னோடு சேர்ந்த தென்னாப்பிரிக்கப் பையனுக்கு 32,000. அவன் படித்தது விளையாட்டு மேனேஜ்மெண்ட், அவனும் என்னைப் போலவே நாலு வாரத்துக்கு முன்னால் பொம்மை தூக்கிப் போட்டுப் பழகியவன். எங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே ஆறு வருஷ அனுபவம் உள்ள பிலிப்பைன்ஸ் டீச்சர் இருந்தார், மூன்று பேரில் நன்றாகப் பாடம் நடத்தியது அவர்தான், அவருக்கு 18,000. பாஸ்போர்ட் அட்டையைப் பார்த்துச் சம்பளம். விளம்பரங்களிலும் நேட்டிவ் ஸ்பீக்கருக்கு ஒரு ரேட், மற்றவர்களுக்கு ஒரு ரேட் என்று பச்சையாகவே போடுகிறார்கள், ரெஸ்யூமேயில் போட்டோ கட்டாயம். தெரிந்தே போனால் கோபம் வராது. எனக்கு பேக்கேஜ் விலையில் பாஸ்போர்ட் தள்ளுபடி கிடையாது, எல்லோருக்கும் அதே 1,500 டாலர், அதுதான் எரிச்சல்.

இப்போது பேப்பர் வேலை. இதை நிதானமாகப் படியுங்கள், குறுகிய காலத்துக்குப் போகிறவர்களுக்கு மொத்தச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது.

சட்டப்படி பாடம் நடத்த "நான்-பி" என்ற வேலைக்கான விசா வேண்டும், அதன் மேல் ஒர்க் பெர்மிட் வேண்டும், அதற்கு ஆசிரியர் கவுன்சிலின் தற்காலிக அனுமதி வேண்டும். அந்தக் கவுன்சிலுக்கு அவர்கள் மொழியில் பெயர் குருசபா, வாத்தியாருக்கு "க்ரூ", இரண்டும் நம் குருவின் ஒன்றுவிட்ட பங்காளிகள். பெயர் சொந்தம் மாதிரி இருந்தாலும் ஃபைல் நகர்வதில் சொந்தம் இல்லை. டிகிரி சர்டிபிகேட்டை அவர்கள் சரிபார்க்க வேண்டும், விசாவுக்கு போலீஸ் கிளியரன்ஸ் வேண்டும், டிகிரிக்கு மாநில அளவில் ஒரு முத்திரை, வெளியுறவு அமைச்சகத்தில் ஒரு முத்திரை, பிறகு தாய் தூதரகத்தில் ஒரு முத்திரை. இதையெல்லாம் ஊரிலேயே முடித்துக்கொண்டு போங்கள். நான் கிளம்பும் முன்பே செய்துவைத்தேன், 11,000 ரூபாய் ஆனது, அதைச் செய்யச் சொன்னது ஏஜென்சி இல்லை, எங்கள் தெரு ஜெராக்ஸ் கடை அண்ணன். "தங்கச்சி, டிகிரியை வெளிநாட்டுக்குக் கொண்டுபோறதுன்னா சீல் இல்லாம போகாதே" என்றார். அவருக்கு 5க்கு 5.

இந்தியர்களுக்கு அப்போது விசா இல்லாமல் 60 நாள் கொடுத்தார்கள். செப்டம்பர் 8 இறங்கினேன், நவம்பர் 6 கடைசி நாள். அதற்குள் வெளியே போய் நான்-பி வாங்கி வர வேண்டும். பள்ளியின் கடிதம் அக்டோபர் நடுவில் வரும் என்றார்கள், அக்டோபர் கடைசியில் வரும் என்றார்கள், நவம்பர் 4 சாயங்காலம் ஆறரைக்கு வந்தது. மறுநாள் விடிகாலை வேனில் நோங் காய், அங்கிருந்து மேகாங் ஆற்றுப் பாலம் தாண்டி லாவோஸ் தலைநகர் வியென்டியான், தாய் தூதரக வாசலில் வரிசை. எனக்கு முன்னால் நின்ற பாதிப் பேர் டீச்சர்கள், எல்லோர் கையிலும் அதே மாதிரி பிளாஸ்டிக் ஃபைல், எல்லோர் முகத்திலும் பொதுத்தேர்வு நாள் காலை. விசாவுக்கு 2,000 பாட், லாவோஸ் விசா, வேன், ஒரு ராத்திரி ரூம் எல்லாம் சேர்த்து 6,500 பாட் என் கையிலிருந்து. "பேக்கேஜில் விசா உதவி" என்று போட்டிருந்ததே என்று கேட்டேன். உதவிதான் பேக்கேஜில், விசா இல்லையாம்.

இதிலாவது நேரம் தப்பியது. ஒர்க் பெர்மிட்டில் தப்பவில்லை. நவம்பர் முதல் நாளே என்னை வகுப்பில் நிறுத்திவிட்டார்கள், விசாகூட இல்லாமல். பெர்மிட் என்ற அந்த நீலப் புத்தகம் என் கைக்கு வந்தது ஜனவரி 22. டெர்ம் முடிந்தது மார்ச் 7. அதாவது நாலேகால் மாத வேலையில் நான் முழுச் சட்டப்படி டீச்சராக இருந்தது ஆறரை வாரம். பெர்மிட் இல்லாமல் வேலை செய்து பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், மறுபடி வருவதும் சிக்கல். முதலாளிக்கும் அபராதம் உண்டு, ஆனால் விமானத்தில் ஏற்றப்படுவது முதலாளி இல்லை. டிசம்பரில் ஒரு ராத்திரி ஏஜென்சியிடமிருந்து லைன் ஆப்பில் செய்தி வந்தது: "நாளை காலை ஸ்கூலுக்கு வர வேண்டாம். ரூமில் இருங்கள். கேள்வி வேண்டாம்." கடைசியில் ஒரு சிரிக்கும் கரடி ஸ்டிக்கர். பக்கத்து மாவட்டத்தில் ஏதோ பள்ளியில் இமிக்ரேஷன் ஆட்கள் சோதனைக்கு வந்திருக்கிறார்கள். நான் காலையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, செவன் இலெவனில் வாங்கிய ரொட்டியைத் தின்றுகொண்டு, 26 வயதில் வாத்தியார் வேலைக்குப் பயந்து ஒளிந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அம்மா போன் செய்து ஸ்கூல் இல்லையா என்றார். "லீவும்மா" என்றேன்.

இது என் ஏஜென்சியின் சோம்பல் மட்டும் இல்லை. பேப்பர் முடிய ஆகும் காலமும் ஒரு டெர்மும் கிட்டத்தட்ட ஒரே நீளம். வருஷ கான்ட்ராக்ட் என்றால் முதல் இரண்டு மாதம் இழுத்தாலும் மிச்சம் நிம்மதி. ஒரு டெர்ம் ஆளுக்கு பெர்மிட் எடுப்பது ஏஜென்சிக்குச் செலவுதான், லாபம் இல்லை, அதனால் இழுக்கிறார்கள், சிலருக்கு எடுப்பதே இல்லை. என் நீலப் புத்தகம் வந்ததே அந்த ஆபீஸ் அக்கா, அவர்கள் வழக்கப்படி "பீ" என்றுதான் கூப்பிடுவேன், என் ஃபைலை மூன்று தடவை தானே தூக்கிக்கொண்டு போனதால்தான். எனவே இன்டர்வியூவில் சம்பளம் கேட்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி: போன டெர்மில் வந்தவர்களுக்கு ஒர்க் பெர்மிட் எந்தத் தேதியில் கையில் கிடைத்தது? தேதி சொன்னால் மேலே பேசுங்கள். "நோ ப்ராப்ளம், நடந்துகொண்டிருக்கிறது" என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

பள்ளியைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்குத் துரோகம். வாரம் 20 பீரியட், காலை 8 மணிக்குக் கொடி ஏற்றும்போது நிற்க வேண்டும், விளையாட்டு விழா, அது இது என்று பாதி வகுப்பு ரத்தாகும், யாரும் முன்னால் சொல்ல மாட்டார்கள், காலி வகுப்பில் போய் நின்றுதான் தெரிந்துகொள்ள வேண்டும். உச்சரிப்பு எனக்குப் பிடித்த பாடம். நாம் எந்த இங்கிலீஷ் சொல்லின் கடைசியிலும் ஒரு உகரத்தை ஒட்டாமல் விட மாட்டோம், பஸ்ஸு, கேட்டு, கார்டு, குற்றியலுகரம் நம் ரத்தத்தில் இருக்கிறது. அவர்கள் நேர் எதிர், கடைசி மெய்யை விழுங்கிவிடுவார்கள், ஹவுஸ் என்பது ஹௌ, லைக் என்பது லை. கூடவே ரகரம் லகரமாகும், "டீச்சர், ஐ ஈட் ரைஸ்" என்று ஒரு பெண் முழுசாகச் சொல்லிவிட்டால் அது "லைஸ்", சோறு தலைப்பேன் ஆகிவிடும். நான் போர்டில் என் வாலையும் அவர்கள் வெட்டிய வாலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்காட்டினேன். "டீச்சர் எக்ஸ்ட்ரா, வீ மைனஸ்" என்றான் பின் பெஞ்ச் பையன் ஒருவன். இதைவிடச் சுருக்கமாக எந்த மொழியியல்காரரும் சொல்லியிருக்க மாட்டார். நேட்டிவ் ஸ்பீக்கருக்கு அந்த வால் விவகாரமே கண்ணில் படாது, இன்னொரு மொழியிலிருந்து ஏறி வந்தவருக்குத்தான் படிக்கட்டு எங்கே வழுக்கும் என்று தெரியும். 10,000 பாட் குறைத்துக் கொடுத்தவர்களிடம் இதை யார் சொல்வது.

டிசம்பர் 25 அங்கே விடுமுறை இல்லை. வெளிநாட்டு டீச்சர் என்றால் சாண்டா வேஷம் போட வேண்டும் என்பது எழுதாத கான்ட்ராக்ட். தென்னாப்பிரிக்கப் பையன் காய்ச்சல் என்று படுத்துவிட்டான், எனக்குக் காய்ச்சல் வருகிறதா இல்லையா என்று யோசிப்பதற்குள் சிவப்புச் சட்டையும் பஞ்சுத் தாடியும் கையில் திணித்துவிட்டார்கள். சமயபுரத்தம்மன் படம் பர்ஸில், தலையில் சாண்டா குல்லா, 2,000 பிள்ளைகளுக்கு மிட்டாய் வீசினேன். போட்டோவைப் பார்த்த அம்மா, "தாடி நல்லா இருக்குடி" என்றார்.

சாப்பாடு: ஒரு தட்டு 50, 60 பாட். சைவம் கஷ்டம்தான், முடியாதது இல்லை. அந்தப் பக்கம் பப்பாளி சாலட்டில் புளிக்கவைத்த மீன் போடுவார்கள், அதை வேண்டாம் என்று சொல்லக் கற்றதுதான் நான் முதலில் கற்ற தாய்லாந்து மொழி வாக்கியம். ரூம் வாடகை 3,500, கரண்டுக்கு யூனிட்டுக்கு 7 பாட் என்று வீட்டுக்காரர் போட்டார்.

கணக்கு கேட்பவர்களுக்கு: எல்லாச் செலவும் போக மாதம் ஒன்பதாயிரம் பாட் மிஞ்சியது, மொத்தமாக ஊருக்குக் கொண்டு வந்தது 38,000 பாட், 95,000 ரூபாய். போட்டது பேக்கேஜ் 1,26,000, போக வர டிக்கெட் 24,000, சர்டிபிகேட் சீல்கள் 11,000, வியென்டியான் பயணம் 16,000, மொத்தம் 1,77,000. ஆக 82,000 ரூபாய் கையைக் கடித்தது. அக்டோபர் மாதச் சாப்பாட்டை இதில் சேர்க்கவில்லை, அது அம்மா அனுப்பியது. ஆறு மாதம் வெளிநாட்டில் இருந்து, ஒரு தொழில் கற்றுக்கொண்டு வந்ததற்கு 82,000 என்றால் எனக்குச் சம்மதம். சம்பாதிக்கப் போகிறேன் என்று கடன் வாங்கிப் போகிறவருக்கு இந்தக் கணக்கு ஆகாது.

மறுபடி செய்வேனா? பயிற்சியை மட்டும் வாங்குவேன், வேலையை வாங்க மாட்டேன். அங்கே போய் இருந்தபோதுதான் தெரிந்தது, அஜார்ன் டாட் காம் மாதிரி தளங்களில் பள்ளிகளே நேரடியாக விளம்பரம் போடுகின்றன, டெர்ம் தொடங்கும் முன் ஏப்ரல் கடைசியிலும் அக்டோபரிலும் ஆள் கிடைக்காமல் தவிக்கின்றன. அந்த நேரத்தில் கையில் சீல் போட்ட டிகிரி, டோயிக் மார்க், போலீஸ் கிளியரன்ஸ், ஒரு பத்து நிமிட டெமோ பாடம் இருந்தால் நமக்கும் இடம் கிடைக்கிறது. எங்கள் பள்ளியிலேயே மார்ச்சில் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, மே மாதம் ஏஜென்சி இல்லாமல் நேரே வருகிறாயா, 27,000 பாட் தருகிறோம், வருஷ கான்ட்ராக்ட் என்றார். ஏஜென்சி கான்ட்ராக்டில் ஒரு வரி இருக்கிறது, அவர்கள் அனுப்பிய பள்ளியில் ஒரு வருஷத்துக்கு நேரடியாகச் சேரக் கூடாது என்று. கையெழுத்துப் போடும்போது நான் அந்தப் பக்கத்தைப் படித்தேன், சிரித்துவிட்டுப் போட்டேன், என்னை யார் திரும்பக் கூப்பிடப் போகிறார்கள் என்று.

இனி ஏஜென்சி கையில் இன்னும் நிற்கும் என் 3,000 பாட். நவம்பர் சம்பளத்தில் "டாக்குமெண்ட் டெபாசிட்" என்று பிடித்தார்கள், கான்ட்ராக்ட் முடிந்த 30 நாளில் தருவதாக எழுதியிருக்கிறது. மார்ச்சில் முடிந்தது. நான் மாதம் ஒரு தடவை லைனில் கேட்கிறேன், சிரிக்கும் கரடி வருகிறது. பணம் வந்தால் மூன்றை மூன்றரை ஆக்குகிறேன்.